விப்பிள் கோட்டுக்குக் கீழே

கேட்ட கேள்வி இது: இரண்டு உலகப் போர்களை ஒட்டிய காலத்தில் எழுதிய பிரிட்டிஷ் பெண் எழுத்தாளர்களின் நாவல்கள், பல பத்தாண்டுகள் அச்சிலேயே இல்லாமல் கிடந்தவை, இப்போது அழகழகான மறுபதிப்புகளாக வருகின்றன. யார் போடுகிறார்கள், எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? கூடவே ஒரு குத்தலும் இருந்தது: "நிஜமாகவே நல்ல நாவல் என்றால் ஏன் மறந்துபோயிருக்கப் போகிறது?"

குத்தலிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

1945-ல் வந்த 'ப்ரீஃப் என்கவுன்டர்' என்ற பிரிட்டிஷ் படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கதாநாயகி லாரா இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வியாழக்கிழமைதோறும் பக்கத்து ஊருக்கு ரயிலேறிப் போவாள். சாமான் வாங்குவாள், படம் பார்ப்பாள், நூலகப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவாள். பூட்ஸில் புத்தகம் மாற்றியதையும், அங்கே வேலை பார்க்கும் மிஸ் லூயிஸ் கேட் ஓ'பிரையனின் புது நாவலைத் தனக்கு எப்படியோ பிடித்துக் கொடுத்ததையும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்வாள். அவ்வளவுதான், கதை வேறு பக்கம் போய்விடும்.

அந்த ஒரு வரியில் ஒரு முழு உலகம் இருக்கிறது. பூட்ஸ் என்பது மருந்துக்கடை. நம் ஊர் மெடிக்கல் ஷாப்புக்குள்ளேயே ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தால் எப்படியோ, அப்படி. 1890-களின் கடைசியில் தொடங்கி 1966 வரை நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கிளைகளில் நடந்தது. புத்தகத்தின் அட்டையில் ஒரு பச்சைக் கேடயம் ஒட்டியிருக்கும். முதுகின் மேல்முனையில் ஒரு சின்னத் துளை. சந்தாதாரரின் அடையாள வில்லையைக் கயிற்றில் கோத்து மாட்டுவதற்காக. லண்டன் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அந்தத் துளையோடு புத்தகங்கள் கையில் சிக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த நாவல்களை மக்கள் காசு கொடுத்து வாங்கவில்லை, இரவல் எடுத்துப் படித்தார்கள். எந்தக் கூடத்து அலமாரியிலும் அவை நிற்கவில்லை. பேத்தி ஒருநாள் தூசி தட்டி எடுத்துப் படிக்க வீட்டில் ஒரு பிரதி கிடையாது. நூலகப் பிரதி கைமாறிக் கைமாறி நைந்துபோனதும் கழித்துவிடுவார்கள். மியூடீஸ் 1937-லும், டபிள்யூ. எச். ஸ்மித் 1961-லும், கடைசியில் பூட்ஸ் 1966-லும் தங்கள் வாடகை நூலகங்களை மூடியபோது, பதிப்பாளர்களுக்கு இந்த வகை நாவல்களை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த ஆளே இல்லாமல் போனது.

நடுவில் போர். 1940 டிசம்பர் 29 இரவு லண்டனின் பதிப்பகத் தெருவான பேட்டர்நாஸ்டர் ரோ குண்டுவீச்சில் எரிந்தபோது, ஏறத்தாழ 50 லட்சம் புத்தகங்கள் சாம்பலானதாகச் சொல்கிறார்கள். காகிதத்துக்கு ரேஷன் வேறு. போர் முடிந்து சில வருடங்கள் வரை நீடித்தது. கையில் கொஞ்சம் காகிதம் மட்டும் இருக்கிற பதிப்பாளர், பழைய நாவலை மறுபடி அச்சடிப்பாரா, புதியதைப் போடுவாரா?

இதற்கெல்லாம் மேலே விமர்சகர்கள். சமையலறை, கல்யாணம், வேலைக்காரி நின்றுவிட்டது, மாமியார் எழுதிய உயில் என்று எழுதினால் அது 'பெண்கள் சமாசாரம்'. ஆண் ஒருவர் மீன்பிடிக்கப் போனதை எழுதினால் அது மனித வாழ்க்கை. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களை வகுத்தவர்களும் இதே ரகம்தான். ஆக, மறதி என்பது தரம் பார்த்துச் சலிக்கும் சல்லடை இல்லை. நூலகக் கடை மூடியது, காகிதம் தீர்ந்தது, மதிப்புரை வரவில்லை என்று வரிசையாக நடந்த சில சாதாரணக் காரியங்களின் கூட்டுத்தொகை அது.

நம்பிக்கை வரவில்லையென்றால் பார்பரா பிம்மின் கதையைக் கேளுங்கள். 1950-ல் தொடங்கி ஆறு நாவல்கள் வந்தன, ஓரளவு நன்றாகவே ஓடின. 1963-ல் ஏழாவதை அவருடைய பதிப்பகமே திருப்பி அனுப்பியது. அதன்பின் எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை. 1977 ஜனவரியில் டைம்ஸ் இலக்கிய இணைப்பிதழ், அளவுக்கு மீறிப் புகழப்பட்டவர் யார், போதிய மதிப்புப் பெறாதவர் யார் என்று பலரிடம் கேட்டது. கவிஞர் பிலிப் லார்கின், விமர்சகர் டேவிட் செசில் இருவரும் பிம்மின் பெயரைச் சொன்னார்கள். அதே வருடம் புது நாவல் வெளிவந்தது, புக்கர் குறும்பட்டியலுக்கும் போனது. பழைய நாவல்கள் மறுபடி அச்சேறின. அந்தப் பதினான்கு வருடங்களில் அவர் எழுத்து கெட்டுப்போய்ப் பிறகு சட்டென்று தேறிவிட்டதா என்ன? இரண்டு பேர் ஒரே இதழில் ஒரே பெயரைச் சொன்னார்கள், அவ்வளவே. மூன்று வருடத்தில் அவர் இறந்துவிட்டார்.

சரி, மறுபதிப்பு போட்டவர்களுக்கு வருவோம்.

முதலில் விராகோ. மெல்போர்னில் பிறந்து லண்டனுக்கு வந்த கார்மென் கலில் 1973-ல் தொடங்கிய பதிப்பகம். அகராதியில் அந்தச் சொல்லுக்கு வீராங்கனை என்றும் பொருள், சண்டைக்காரி என்றும் பொருள்; இரண்டும் தெரிந்தே வைத்த பெயர். 1978-ல் 'மாடர்ன் கிளாசிக்ஸ்' வரிசை வந்தது. கரும்பச்சை முதுகு, கடித்த ஆப்பிள் சின்னம், முகப்பில் பெரும்பாலும் அதிகம் பேர் பார்த்திராத ஓர் ஓவியம். முதல் புத்தகம் ஆன்டோனியா வைட் 1933-ல் எழுதிய 'ஃப்ராஸ்ட் இன் மே'.

இந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ஒன்பது வயது நான்டாவை அவள் அப்பா கான்வென்டில் சேர்க்கிறார். அப்பா புதிதாகக் கத்தோலிக்கராக மாறியவர், அதனால் அவருக்குப் பக்தி ஒரு பிடி அதிகம். அங்கே கன்னியாஸ்திரீகள் யாரும் அடிப்பதில்லை, கத்துவதில்லை. பிள்ளையின் மனசைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறார்கள். நான்டா ரகசியமாக ஒரு நாவல் எழுதத் தொடங்குகிறாள். முதலில் பாத்திரங்களை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாவிகளாகக் காட்டிவிட்டு, கடைசியில் எல்லோரையும் மனம் திருப்பிவிடலாம் என்பது அவள் திட்டம். பாவப் பகுதி எழுதி முடிப்பதற்குள் நோட்டு பிடிபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அப்பா வந்து பேசுகிற சில பக்கங்கள் இருக்கின்றன. எனக்கு இரண்டு நாள் வேறெதுவும் படிக்க ஓடவில்லை. வைட்டின் சொந்த வாழ்க்கையில் நடந்ததும் இதேதான். அப்பா உயிரோடு இருந்தவரை அவரால் இந்த நாவலை எழுதி வெளியிட முடியவில்லை. கலிலும் கான்வென்டில் வளர்ந்தவர் என்று தெரிந்துகொண்டால், ஏன் இதுவே முதல் புத்தகமானது என்பது விளங்கிவிடும்.

என்னிடம் இருக்கும் பிரதி திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் வாங்கியது. முதுகு வெயிலில் வெளுத்து, பச்சை கிட்டத்தட்ட நீலமாகிவிட்டது.

விராகோ செய்தது பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ரோசமண்ட் லேமன் போன்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே மறுபடி வாசிக்கப்பட்டார்கள். ஸ்டீவி ஸ்மித், எலிசபெத் டெய்லர் (நடிகை அல்ல, நாவலாசிரியை), லாரா கையில் இருந்த அந்த கேட் ஓ'பிரையன், எல்லோரும் பச்சை முதுகில் திரும்பி வந்தார்கள். (ஓ'பிரையனின் 'தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்' 1941-ல் ஒரே ஒரு வாக்கியத்துக்காக அயர்லாந்தில் தடை செய்யப்பட்ட நாவல். மறக்கப்படுவதற்கு முன்னால் மறைக்கப்பட்டவர்களும் உண்டு.)

ஆனால் எனக்கு இதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. விராகோ அலுவலகத்தில் 'விப்பிள் கோடு' என்று ஒன்று இருந்ததாம். 2008-ல் கலிலே எழுதியது இது. டோரதி விப்பிள் 1930-களிலும் 40-களிலும் ஓகோவென்று விற்ற நாவலாசிரியை. அவருடைய நடையும் விஷயமும் தங்களால் தாங்க முடியாததாக இருந்தது, ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார்களாம்.

விப்பிள் 1893-ல் லங்காஷயர் பிளாக்பர்னில் பிறந்தவர். அவருடைய இரண்டு நாவல்கள் 1940-களில் சினிமாவாகவும் வந்தன. 1953-ல் 'சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்' வெளியானபோது மதிப்புரை என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் வரவில்லை. அதன்பின் அவர் பெரியவர்களுக்கு நாவலே எழுதவில்லை. 1966-ல் இறந்தார். பூட்ஸ் நூலகம் மூடிய அதே வருடம்.

அந்த விப்பிள் கோட்டை அழித்தவர் நிகோலா போமன். 1983-ல் அவர் இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பெண்களின் நாவல்களைப் பற்றி ஓர் ஆய்வு நூல் எழுதினார். அந்த ஆர்வத்துக்குத் தூண்டுதல் நான் முதலில் சொன்ன லாராவின் அந்தப் புத்தகம் மாற்றும் வரிதான். நூலை வெளியிட்டது, வேடிக்கை பாருங்கள், விராகோ! 1999-ல் போமன் தானே பெர்செஃபனி பதிப்பகத்தைத் தொடங்கினார். பாதாளத்துக்குக் கடத்திச் செல்லப்பட்டு வசந்தத்தோடு மேலே வரும் கிரேக்கத் தேவியின் பெயர். முதலில் வந்த மூன்று புத்தகங்களில் மூன்றாம் எண் 'சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்'. இன்றைக்கு பெர்செஃபனியில் அதிகம் விற்கும் எழுத்தாளர்களில் முன்வரிசையில் நிற்பவர் விப்பிள்.

யார் சொன்னது சரி? இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. விப்பிளின் நடையில் நிறுத்தி மறுபடி படிக்க வைக்கும் வாக்கியம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. கதை எளிது: நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம், மாமியாருக்குத் துணையாக இருக்க பிரான்சிலிருந்து வரும் ஓர் இளம்பெண், அவள் குடும்பத்தலைவரை வளைத்துப்போடுகிறாள். நம் தொலைக்காட்சித் தொடரில் நூறு தரம் பார்த்த கதை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூடி வைக்க மனம் வராது. காரணம், எல்லன் என்ற அந்த மனைவி ஏமாறுவதைவிட, ஏமாந்த பிறகு என்ன சம்பாதித்துச் சாப்பிடுவது என்று கணக்குப் போடுவதை விப்பிள் எழுதுகிற விதம். இருபது வருடம் தோட்டமும் சமையலும் பார்த்த பெண்ணுக்குத் தெரிந்த வேலை என்ன? பிள்ளைகளை விடுமுறையில் எங்கே தங்கவைப்பது? துரோகத்தை எழுதியவர்கள் ஆயிரம் பேர்; வாடகையை எழுதியவர்கள் குறைவு. விராகோ விட்டது பிழை என்றே நினைக்கிறேன். பெண்களின் புத்தகங்களை மீட்க வந்தவர்களும், 'இது வீட்டுக்காரம்மா சமாசாரம்' என்று சிலரை வெளியே நிறுத்தினார்கள் இல்லையா?

பெர்செஃபனி புத்தகங்கள் வெளியே பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறம். உள்ளே திறந்தால் அட்டையின் உள்பக்கத்தில், அந்த நாவல் எழுதப்பட்ட காலத்துத் துணி டிசைன் ஒன்று அச்சிட்டிருக்கும். அதே டிசைனில் ஒரு புத்தகக்குறியும் கிடைக்கும். 150 தலைப்புகளைத் தாண்டிவிட்டார்கள். லண்டனில் இருந்த கடை 2021-ல் பாத் நகரத்துக்கு இடம் மாறியது.

அவர்களுக்குப் பெரிய வெற்றி விப்பிள் இல்லை. 'மிஸ் பெட்டிக்ரூ லிவ்ஸ் ஃபார் எ டே'. வினிஃப்ரெட் வாட்சன் 1938-ல் எழுதியது. வேலை போன, நடுவயதுக் கவர்னஸ் (வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை) ஒருத்தி, ஏஜென்சி தவறாகக் கொடுத்த முகவரிக்குப் போய், ஒரு நைட்கிளப் பாடகியின் வீட்டில் ஒரு முழு நாளைக் கழிக்கிறாள். அத்தியாயத் தலைப்புகளே கடிகார நேரங்கள்தான். ஹாலிவுட் உரிமை வாங்கி மியூசிக்கல் படமாக எடுக்க இருந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் வந்து எல்லாம் நின்றுபோனது. போரில் குண்டு விழுந்து வாட்சனின் வீடு போனது, கைக்குழந்தையோடு உறவினர் வீட்டில் இடுக்கிக்கொண்டு இருக்கவேண்டி வந்தது, 1943-க்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. 2000-ல் மறுபதிப்பு வந்தபோது நியூகாசிலில் அவர் உயிரோடு இருந்தார், தொண்ணூறைத் தாண்டியிருந்தார். இரண்டு வருடம் கழித்து இறந்தார். 2008-ல் படமும் ஒருவழியாக வந்துசேர்ந்தது, பிரான்சஸ் மெக்டார்மண்ட் நடித்து.

பிரிட்டிஷ் நூலகம் 2020-ல் தனியாக ஒரு 'பெண் எழுத்தாளர்கள்' வரிசை தொடங்கியது. விலை கட்டுப்படியாகும், கதை நடக்கும் காலத்தைப் பற்றி முன்னால் ஒரு குறிப்பு, பின்னால் ஒரு கட்டுரை. இதில் மாட் கெய்ர்ன்ஸின் 'ஸ்ட்ரேஞ்ச் ஜர்னி' எனக்குச் செல்லம்: 1935-லேயே, ஒரு நடுத்தர வர்க்க வீட்டுக்காரியும் பிரபு குடும்பத்துப் பெண்மணியும் கூடுவிட்டுக் கூடு பாய்கிறார்கள். டீன் ஸ்ட்ரீட் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தின் 'ஃபர்ரோட் மிடில்ப்ரோ' வரிசையும் உண்டு. மின்நூலாகப் படிப்பவர்களுக்கு அதுவே சௌகரியம்.

அமெரிக்கக் கதை வேறு, அங்கே நிறமும் சேர்ந்துகொள்கிறது. கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1937-ல் எழுதிய நாவல் அச்சிலிருந்து மறைந்தது. 1960-ல் வறுமையில் இறந்து, பெயர்ப்பலகைகூட இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1973-ல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஃப்ளோரிடாவுக்குப் போய், இடுப்பளவு புதருக்குள் நடந்து குழியைத் தேடிக் கல் வைத்தார். 1978-ல் இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் நாவலை மறுபடி போட்டது. இது தனியாகவே எழுதவேண்டிய விஷயம்.

மறுபதிப்பு என்றால் பழைய புத்தகத்தை ஸ்கேன் எடுத்து அச்சடிப்பது என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை காப்புரிமை உண்டு. ஆகவே முதலில் வாரிசைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை இல்லாத எழுத்தாளர் என்றால் உயிலைத் தேடி, அதில் பெயருள்ள தங்கை மகனைத் தேடி, அவர் எங்கே இருக்கிறார் என்று தேடி... தன் பெரியம்மா நாவல் எழுதினார் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாமலும் இருக்கலாம். இந்தியாவில் இந்தக் கணக்கு 60 வருடம். விப்பிள் இறந்தது 1966 என்பதால், 2027 பிறந்தால் இங்கே அவருடைய நாவல்களுக்கு உரிமைத் தடை கிடையாது. தமிழில் மொழிபெயர்க்க யாருக்காவது கை அரித்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் நிலைமை என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதியவர். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், வாரிசைத் தேடி அலையவேண்டியதில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' 2003-ல் ஆங்கிலத்திலும் வந்தது. சென்னையில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய கிருபாபாய் சத்தியநாதனின் 'கமலா' 1894-ல் வெளிவந்தது. கவனமாகத் தொகுத்த புதுப் பதிப்பு வர 1998 ஆனது, 104 வருடம். உரிமை தடையாக இல்லாத இடத்தில்கூட, மூலப்படியைத் தேடி எடுத்து, பிழை பார்த்து, ஒரு முன்னுரை எழுதி, வரிசையாகக் கொண்டுவரப் பிடிவாதமான ஓர் ஆள் வேண்டும். ஒரு போமன் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நாவல்களில் வேலைக்காரர்களைப் பற்றியும் யூதர்களைப் பற்றியும் முகம் சுளிக்க வைக்கும் வரிகள் வரும். மிஸ் பெட்டிக்ரூவிலேயே உண்டு. இந்தியா என்பது அண்ணனோ கணவனோ போய்விட்டு மஞ்சள் பாரித்த முகத்தோடு திரும்பி வரும் ஒரு தூரத்து இடம், அவ்வளவுதான். அந்தப் பெண்களுக்கு ஓட்டுரிமையும் சம்பளமும் சொந்த அறையும் கிடைக்கவேண்டும் என்று மனசார நினைப்போம், அதே பக்கத்தில் சமையற்காரி மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள். இரண்டையும் பார்த்துக்கொண்டேதான் படிக்கவேண்டும். அப்புறம், மீட்டெடுத்த புத்தகம் எல்லாமே பொக்கிஷம் என்று நான் சொல்லமாட்டேன். பாதியில் கீழே வைத்தவை என்னிடமும் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்கலாம்? ஆங்கிலம் சரளமாக ஓடவில்லை என்றால் மிஸ் பெட்டிக்ரூ: சின்னப் புத்தகம், பேச்சு அதிகம், ஒரே நாளில் முடியும். பிறகு விப்பிள். அதிலும் 'ஹை வேஜஸ்' (1930) முதலில் படியுங்கள். லங்காஷயர் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேரும் பெண் சொந்தக் கடை வைக்கும் கதை. கவுன்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று பழகியவர்களுக்கு ரங்கநாதன் தெரு ஞாபகம் வரும். அதற்கப்புறம் 'சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்'. 'ஃப்ராஸ்ட் இன் மே'யை மனசு கொஞ்சம் தெம்பாக இருக்கும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈ. எம். டெலாஃபீல்டின் 'டைரி ஆஃப் எ ப்ராவின்ஷியல் லேடி'யை (1930) தலைமாட்டில் போட்டு, தினம் நாலு பக்கம் படித்துச் சிரிக்கலாம். வரிசையாகப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

எந்தப் பதிப்பை வாங்கினாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அதை எழுதுகிறவர்களுக்கு அந்த நாவல் பால்ய சிநேகிதி மாதிரி. பிரியத்தில் மூன்றாவது பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார்கள்.